பதினோரு விநாடிப் பாலைவனம்

நான் அழுக்கு எடுக்கிறவள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பிறகுதான் விளக்குவேன். பழைய சினிமாப் பிரதிகளை ஸ்கேன் செய்து எங்களுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் இருக்கிற தூசி, கீறல், கறை, பூஞ்சை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு ஃப்ரேம். இரண்டு மணி நேரப் படத்துக்கு எத்தனை என்று கணக்குப் போடாதீர்கள். நானே போட்டதில்லை.

எங்கள் லேப் ஹைதராபாத் சனத்நகரில், ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே பெரிய மெஷின் ஓடினால் என் மேஜையில் தண்ணீர் பாட்டில் நடுங்கும். வெளிநாட்டுக்காரர்கள் கொடுக்கிற வேலைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. கணவருக்கு இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்ததால் மதுரையிலிருந்து வந்தவள் நான். என் தெலுங்கு இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுகிற அளவோடு நிற்கிறது. அதனால்தான் முதல் நாள் பக்கத்து நாற்காலியிலிருந்து தமிழ்க் குரல் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

"ஏசியைக் கூட்டாத, நக்கோ. எனக்குக் குளிரும்," என்றது அந்தக் குரல்.

அவள் தாத்தா காலத்திலிருந்தே ஹைதராபாத்காரி. அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மல்லாபூரில் வீடு. தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் உருது விழும்: ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஒரு வாரத்தில் டிபன் பாக்ஸ் மாறிவிட்டது, ஒரு மாதத்தில் 'டி' போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

அவளுடைய கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு படத்தில் நடிகர் கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. நான் துடைக்கப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அது ஈ. அவன் கன்னம் துடிக்குது பாரு," என்றாள். ஓட்டிப் பார்த்தேன். துடித்தது. எதையும் தொடுவதற்கு முன் அந்தக் காட்சியை முன்னும் பின்னும் முழுதாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவள் வைத்துக்கொண்ட சட்டம். எங்களில் யாரும் அப்படிச் செய்வதில்லை. நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தப்பித்துக்கொள்வோம்.

பிறகு அந்தக் கௌபாய் படம் வந்தது. பெயரை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். குதிரை, துப்பாக்கி, தொப்பி, எங்கே பார்த்தாலும் புழுதி. அழுக்கு எடுக்கிறவளுக்கு இதைவிடக் கொடுமையான படம் கிடையாது. எது கதையில் பறக்கிற புழுதி, எது பிரதி மேல் படிந்த தூசி என்று பார்த்துப் பார்த்தே கண் போய்விடும்.

அந்தப் படத்துக்கு இரண்டு உருவம். டைரக்டர் நீளமாக ஒன்று வெட்டிக் கொடுத்திருக்கிறார். ஸ்டுடியோக்காரர்கள் இங்கே ஒன்றும் நடக்கவில்லை, அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று அரை மணி நேரத்தைக் கத்தரித்துவிட்டு வெளியிட்டார்கள். உலகம் பார்த்தது அதைத்தான். நீளமான படத்தின் ஒரே ஒரு பிரதி, ரொம்ப காலம் கழித்து, ஏதோ ஒரு கிடங்கில் கீறலும் பூஞ்சையுமாக அகப்பட்டது. இப்போது இரண்டையும் சுத்தம் செய்து, தியேட்டரில் ஆளுக்கு ஒரு வாரம் என்று மறுபடி வெளியிடப் போகிறார்கள். நாங்கள் அவற்றுக்கு 'குட்டை', 'நெட்டை' என்று பெயர் வைத்தோம். குட்டையை முதலில் முடித்தோம். நெட்டையில் கூடுதலாக இருக்கிற துண்டுகளை மட்டும் தனியாகத் துடைத்து, முடித்த குட்டையோடு ஒட்ட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

மத்தியானச் சாப்பாட்டில் அந்த ஸ்டுடியோக்காரனை நான் திட்டாத நாள் இல்லை. கத்தரிக்கோல் பிடித்த கையை உடைக்க வேண்டும், ஒருத்தன் உயிரைக் கொடுத்து எடுத்ததை ஒன்றும் இல்லை என்று தூக்கிப் போட இவன் யார் என்று வாய் கிழியப் பேசியிருக்கிறேன். அவள் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி சிரிப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். செகந்திராபாத்தில் ஒரு ஆஸ்பத்திரி. புதன்கிழமை மத்தியானம், சனிக்கிழமை மத்தியானம். கூடப் போக வேறு ஆள் இல்லை. இருந்த லீவெல்லாம் ஒரு மாதத்தில் தீர்ந்தது. அப்புறம் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பட்டறைப் பக்கத்துப் படியில் இறங்கிப் போய்விடுவாள். சாயங்காலம் வெளியே போகும்போது என் வருகைப் பதிவுக் கார்டோடு அவள் கார்டையும் நான் தேய்ப்பேன். நடுவில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பெயரில் திறந்திருக்கிற கம்ப்யூட்டரில் அவள் பங்கையும் முடித்துக் கொடுப்பேன். உலகத்தில் யாரும் செய்யாததைச் செய்துவிடவில்லை. செய்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை அவள் பங்கில் ஒரு பாலைவனம் வந்தது. நெட்டையில் மட்டும் இருக்கிற துண்டு. மேலே வானம், கீழே மணல், இடது ஓரத்தில் ஒரு காய்ந்த மரம், நடுவில் வெயில் அலையடிக்கிறது. ஆள் இல்லை, அசைவு இல்லை. பதினோரு விநாடி.

தூசி சாதாரணமாக ஒரு ஃப்ரேமில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. அதை மென்பொருளே கண்டுபிடித்து எடுத்துவிடும். இன்னொரு வகை உண்டு. படம் எடுக்கும்போதே கேமராவுக்குள் ஒட்டிக்கொண்ட துணுக்கு. அது ஒரே இடத்தில் அசையாமல் ஃப்ரேம் ஃப்ரேமாக நிற்கும். மென்பொருளை ஏமாற்றிவிடும். கையால்தான் எடுக்க வேண்டும். நாங்கள் அதை 'நின்ற அழுக்கு' என்போம். அந்தப் பாலைவனத்தில், வானமும் மணலும் சேர்கிற கோட்டில், எள்ளில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி நின்றது.

சந்தேகம் வந்தது. பொய் சொல்லமாட்டேன், வந்தது. புள்ளி லேசாக மேலும் கீழும் ஆடியது. பழைய ஃபிலிம் நடுங்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்திருக்கலாம். இரண்டு பேர் வேலையையும் ஐந்து மணிக்குள் முடித்தாக வேண்டிய அவசரம். இருநூற்று அறுபத்து நான்கு ஃப்ரேமிலும் அதைக் கையால் துடைத்தேன். முடித்ததும் அந்தப் பாலைவனம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கார்டையும் தேய்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சரிபார்க்கிறவர்களும் விட்டுவிட்டார்கள். எல்லோர் மனசிலும் குட்டைதான் இருந்தது. அதில் அந்தக் காட்சி தொடங்கும்போதே குதிரைக்காரன் எறும்பு அளவுக்குத் தெரிய ஆரம்பித்திருப்பான்.

படம் போய் மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அங்கே சோதனைக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் டைரக்டரோடு உட்கார்ந்து நெட்டையை வெட்டித் தொகுத்த எடிட்டர், இப்போது தள்ளாத கிழவர், பார்க்க வந்திருக்கிறார். பாதியில் படத்தை நிறுத்தச் சொல்லி ஒரே கேள்வி கேட்டாராம். "இவன் கோப்பையைக் கீழே வைக்கிறானே, எதைப் பார்த்து?"

அன்றைக்குத்தான் அந்த இடத்தை முன்னும் பின்னும் சேர்த்து நான் முதல்முறையாகப் பார்த்தேன். கூட்டாளியைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தப்பித்த ஒருத்தன், இடிந்த சத்திரத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறான். தலையைத் தூக்குகிறான். கோப்பையைக் கீழே வைக்கிறான். அடுத்தது பாலைவனம். அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அந்தப் புள்ளிதான் கூட்டாளி. குதிரையில் நேராக இவனை நோக்கி வருகிறான். நேராக வருவதால்தான் இடம் மாறாமல் நின்றான். குதிரை ஓடியதால்தான் மேலும் கீழும் ஆடினான். டைரக்டர் சண்டை போட்டது இந்தப் பதினோரு விநாடிக்காகத்தானாம். ஸ்டுடியோக்காரனாவது காட்சியைத்தான் வெட்டினான். நான் ஆளையே அழித்துவிட்டேன். குதிரையோடு.

எங்கள் சூப்பர்வைசர் தெலுங்குக்காரர். சென்னை லேப்களில் பத்து வருஷம் இருந்தவர் என்பதால் எங்களோடு தமிழில்தான் பேசுவார். எந்தக் காட்சியை யார் எப்போது தொட்டார்கள் என்பதைக் கம்ப்யூட்டரே பதிவு செய்து வைக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். திரையில் அவள் பெயர் இருந்தது. சனிக்கிழமை, மாலை நாலே கால்.

"இது நீ செஞ்சதாம்மா?" என்று அவளைக் கேட்டார்.

அவள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒருமுறை. தான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்ததாக அவள் சொல்ல முடியாது. சொன்னால் கார்டு விஷயம் வரும், இரண்டு பேர் சீட்டும் கிழியும். நான் சொல்லியிருக்கலாம். சார், அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான்தான் செய்தேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் திரையில் இருந்த பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹவ் சார். நான்தான். நின்ன அழுக்குன்னு நெனைச்சுட்டேன்," என்றாள்.

நாளைக்குத் தனியாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்று அன்று நினைத்தேன். மறுநாளும் அதையேதான் நினைத்தேன். மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேலை கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள், அந்தக் காட்சியைத் தொட்டவர் இனி இந்தப் படத்தில் இருக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்களாம். டிபன் பாக்ஸ், ஸ்வெட்டர், கண்ணுக்கு விடுகிற சொட்டுமருந்து, எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். படிவரை கூடப் போனேன். மன்னிச்சிடு என்றேனா? இல்லை. "அப்பாவைப் பார்த்துக்கோ," என்றேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

அந்தக் காட்சியைத் திருத்தும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். மூல ஸ்கேனிலிருந்து அந்தப் புள்ளியைத் திரும்ப எடுத்து, இருநூற்று அறுபத்து நான்கு ஃப்ரேமிலும் அதன் இடத்தில் வைத்தேன். மூன்று நாள் ஆனது. அருமையாகச் செய்திருக்கிறார் என்று கடிதம் வந்தது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அதைப் படித்துக் காட்டினார். கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. கடைசியில் ஓடுகிற பெயர் வரிசையிலும் என்னைச் சேர்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு நான் அனுப்பியதெல்லாம் குட்மார்னிங் படங்களும் பண்டிகை வாழ்த்தும்தான். அவளும் பதிலுக்கு ஒரு பூ அனுப்புவாள். ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறாள் என்று வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். அவளுக்குப் போன் போடுவதற்காகப் பத்து தடவையாவது எடுத்திருப்பேன். அடிக்கிற முன்னாலேயே வைத்துவிடுவேன்.

ஏழு மாதம் கழித்துப் படம் இங்கேயும் வந்தது. முதல் வாரம் குட்டை. அதற்கு நான் போகவில்லை. இரண்டாவது வாரம் நெட்டை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். "ஞாயித்துக்கிழமை காலை ஆட்டத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன், வருவியா?" என்றேன்.

"கைக்கு இவ்ளோ பயந்து பேசற? வர்றேன்," என்றாள்.

வந்தாள். இளைத்திருந்தாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அப்படியேதான் இருக்கிறார் என்றாள். தியேட்டரில் கால்வாசிகூட நிரம்பவில்லை. இடைவேளையில் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். இடைவேளை வந்தது. இரண்டு காப்பி வாங்கினேன். அவள் தன் ஆஸ்பத்திரியில் நடக்கிற கூத்தையெல்லாம் சொன்னாள். நான் சிரித்தேன். மணி அடித்துவிட்டது.

பிறகு அந்த இடம் வந்தது. சத்திரம், காப்பி, கோப்பையைக் கீழே வைக்கிறான். பாலைவனம் திரை முழுக்க விரிந்தது. முன்வரிசையில் ஒருவர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்றும் நடக்கவில்லை அல்லவா. நான் புள்ளியைத் தேடினேன். மூன்று நாள் கையால் வைத்த புள்ளி, அவ்வளவு பெரிய திரையில் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி துடைத்துவிட்டார்களோ என்று சீட்டின் நுனிக்கு வந்து தேடினேன்.

"அங்க. இடது பக்கம், காஞ்ச மரத்துக்கு மேல," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வர்றான் பாரு."

அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தான். ஆடி ஆடி வந்துகொண்டிருந்தான்.

"அன்னிக்கு நான் சீட்ல இருந்திருந்தா அதைத் தொட்டிருக்க மாட்டேன்," என்றாள்.

"நான் சார்கிட்ட சொல்லியிருக்கணும்டி. உன் வேலை போயிடுச்சு என்னால," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"வேலையை விடு. கார்டு மேட்டர்ல நானும்தான் இருந்தேன். எங்கப்பாக்காகத்தான் நீ அங்க உக்காந்த. அதுக்கு நான் கோச்சுக்க மாட்டேன்." கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். "ஆனா அழுக்கு எது, ஆள் எதுன்னு தெரியாதவன்னு என்னை எழுதி வெச்சிட்டாங்க இல்ல. அது மட்டும்தான் எனக்கு ஆறலை. அந்தக் கிழவரு செத்துப் போற வரைக்கும் அது நான்தான்னு நெனைச்சிட்டு இருப்பாரு."

ஏழு மாதமாக நான் அவளுடைய சம்பளத்தை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து எதைப் பறித்தேன் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. தியேட்டர்காரர் விளக்கைப் போட்டுவிட்டார், ஆட்கள் எழுந்து போனார்கள். அவள் மட்டும் உட்கார்ந்து கடைசி வரை படித்தாள். என் பெயர் வந்ததும் என் கையைத் தொட்டுக் காட்டினாள். கேலி இல்லை, உண்மையாகவே காட்டினாள். அதற்குப் பதிலாக அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான்தான் அதைத் துடைத்தேன், அவள் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள், கார்டை நான்தான் தேய்த்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்மா. லேப் சிசிடிவி கேமராவுல பாத்தேன். உங்க ரெண்டு பேரையும் அனுப்பிட்டா படத்தை யாரு முடிச்சுக் குடுப்பா? அவளே ஒத்துக்கிட்டா, நீங்களும் பேசல. நானும் விட்டுட்டேன்," என்றார்.

எனக்கு வந்த கோபத்தை அவர் மேல் காட்ட எனக்கு என்ன யோக்கியதை? "வெளிநாட்டுக்காரங்களுக்குத் தெரியாதே சார். அந்தப் பதிவு அவங்ககிட்டதானே இருக்கு. அதுல பேரை மாத்துங்க," என்றேன்.

மாற்ற முடியாது என்றார். ஒருமுறை பதிந்த வரியை யாராலும் அழிக்க முடியாதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. வேண்டுமானால் அடியில் ஒரு குறிப்பு சேர்க்கலாம். சேர்த்தால் அவர்களுக்கும் உடனே போய்விடும். "உங்க வேலைக்கு நான் கேரண்டி இல்ல, யோசிச்சுக்கோங்க," என்றார்.

யோசித்தால் நாளைக்கு என்று தள்ளிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அங்கேயே, அவர் கம்ப்யூட்டரிலேயே தட்டினேன். இந்தக் காட்சியைத் துடைத்தது மேலே பெயர் உள்ளவர் அல்ல, நான். அவர் இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டார். படம் வெட்டிய பெரியவரிடம் இதைச் சொல்லவும். கீழே என் பெயர். மேலே அவள் பெயர் அப்படியே இருந்தது. சனிக்கிழமை, மாலை நாலே கால்.

அதைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே பார்த்துவிட்டாள், இரண்டு டிக்கும் நீலமாகின. அரை மணி நேரம் எதுவும் வரவில்லை. அழுக்கு எடுப்பது போலப் பாவனை செய்துகொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வார்த்தை வந்தது.

ஹவ்.

வெளிநாட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. பக்கத்து நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. இப்போதெல்லாம் ஒவ்வொரு காட்சியையும் தொடுவதற்கு முன் முழுதாக ஓட்டிப் பார்க்கிறேன். ஏசியையும் நான் கூட்டுவதில்லை.